வாயில் வரும் பதில் பேப்பரில் வராத பிள்ளைக்கு

“வாயால கேட்டா எல்லாம் சொல்றான்க்கா, பேப்பர்ல எழுதச் சொன்னாதான் ஒண்ணும் வரல.” வடசென்னை தண்டையார்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் டியூஷன் எடுக்கிறேன். ஜூன் மாதம் பிறந்தால் யாராவது ஒரு அம்மா வாசலில் நின்று இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். கூடவே, “சோம்பேறி, நாலு சாத்து சாத்துங்க” என்று அனுமதியும் கிடைக்கும். முதலில் சொன்னதை அப்படியே நம்புவேன், இரண்டாவதை விட்டுவிடுவேன். டியூஷன் நேரத்தைக் கூட்டுவதால் இந்தச் சிக்கல் தீராது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் விதம் மாற வேண்டும், பள்ளியில் கேட்பதை எழுதிக் கேட்க வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

ஒன்றாம் வகுப்பில் எழுத்தைத் திருப்பிப் போடாத பிள்ளை கிடையாது. அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றாம் வகுப்பு வந்த பிறகும் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துப் படிக்கிறதா? ‘பட்டம்’ என்று இருந்தால் ‘பட்டணம்’ என்கிறதா? ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறதா? போர்டைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் தலையைத் தூக்குகிறதா? பதினான்கு என்று சொல்லிக்கொண்டே 41 என்று போடுகிறதா? இவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் அடுத்த வேலையைத் தொடங்குங்கள். வாசிப்பில் இடறினால் டிஸ்லெக்சியா, எழுதுவதில் இடறினால் டிஸ்கிராஃபியா, கணக்கில் இடறினால் டிஸ்கால்குலியா, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கற்றல் குறைபாடு என்று பெயர்கள் இருக்கின்றன. பெயர் வைப்பது நம் வேலை இல்லை. பக்கத்து வீட்டு யூடியூப் வேலையும் இல்லை.

முதலில் கண், காது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் இரண்டையும் பார்க்கலாம். போர்டே சரியாகத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? இரண்டும் சரி என்றால் குழந்தை மருத்துவர், அப்புறம் உளவியலாளர். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை எட்டு வயதுக்கு முன்னால் தருவதில்லை. பதினான்கு வயதிலும் பதினெட்டு வயதிலும் மறுபடி சோதிப்பார்கள். பதினெட்டில் தருவது ஆயுசுக்கும் செல்லும். சோதனைக்குப் போகும்போது பலரும் அட்டை போட்ட ஃபேர் நோட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். வேண்டாம். அடித்துத் திருத்திக் கிறுக்கிய ரஃப் நோட்டுதான் அவர்கள் பார்க்க வேண்டியது. காலையில் வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள், உட்கார்ந்து செய்யும் சோதனை அது.

சான்றிதழ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கீழே சொல்வது எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது.

வீட்டில்: எழுத்தும் ஒலியும்

பேப்பரே இல்லாமல் தொடங்குங்கள். ‘கடல்’ சொல்லு, அதில் ‘ட’ போனால் என்ன? கல். ‘குதிரை’யில் ‘கு’ போனால்? திரை. ‘விரல்’லில் ‘ர’ போனால்? வில். தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது, பஸ்ஸில் போகும்போது ஐந்து நிமிஷம் இதை விளையாடலாம். சொல்லை ஒலிகளாக உடைக்கத் தெரிவதுதான் வாசிப்புக்கு அஸ்திவாரம். இந்தப் பிள்ளைகள் பலருக்கு இடறுவதும் அங்கேதான்.

அடுத்தது நம் எழுத்தில் இருக்கும் ஒரு சிக்கல். ‘கெ’ என்று எழுத, காதில் பின்னால் கேட்கும் ஒலிக்கான கொம்பை முன்னால் போட வேண்டும். ‘கொ’ இன்னும் மோசம், ஒரே ஒலி ‘க’வுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. நமக்குப் பழகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை. ஒலியைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை இங்கே வந்து நின்றுவிடும். இதற்கு நான் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி வைத்திருக்கிறேன். க, ச, ப, ம எல்லாம் கறுப்பில். கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், விசிறி எல்லாம் தனித்தனித் துண்டில், சிவப்பில். பிள்ளை முதலில் ‘க’வைத் தரையில் வைக்கும். ‘கொ’ என்று வாயால் சொல்லிக்கொண்டே கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நகர்த்தும். கை நகரும்போது வாய் கட்டாயம் சொல்ல வேண்டும். அப்புறம் தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதலாம். பென்சில் கடைசியாக வந்தால் போதும்.

கு, சு, து வரிசையை ‘க’விலிருந்து ‘ன’ வரை ஒரே மூச்சில் சொல்லிக்கொடுக்காதீர்கள். சு, பு, வு மூன்றிலும் கோடு கீழே இறங்கும், அதை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். து, நு, று ஒரு வாரம். கு, மு, ரு ஒரு வாரம். வீட்டில் தாத்தா சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் ஒரு கண் வையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர்கள் இன்னும் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்டுப் பழைய ‘லை’ எழுதுகிறார்கள். ஏற்கெனவே குழம்பும் பிள்ளைக்கு அது வேறு எதற்கு?

ல, ள, ழ தப்புகளை முதல் சில மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். நம்ம பக்கத்தில் வாழைப்பழமே ‘வாயப்பயம்’தானே! காதுக்கே வராத வித்தியாசம் கையில் எப்படி வரும்? சிவப்புப் பேனாவை அந்த வாரம் சொல்லிக்கொடுத்த எழுத்துக்கு மட்டும் எடுங்கள். பக்கம் முழுக்கச் சுழித்துக் கொடுத்தால் பிள்ளை எதையும் பார்க்காது.

வாசிப்புக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம், அதுவும் களைத்துப் போவதற்கு முன்னால். நீங்கள் ஒரு தடவை படியுங்கள், சேர்ந்து ஒரு தடவை, பிள்ளை தனியாக ஒரு தடவை. வரிக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டை வைத்து நகர்த்துங்கள். சமூக அறிவியல், அறிவியல் பாடங்களைக் காதால் கொடுத்துவிடுங்கள். என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் நிற்கிறார், வீடு வரும்போது ராத்திரி பத்தாகிவிடும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பாடத்தைப் படித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவார். அந்தப் பெண் காலையில் தலை பின்னும்போது கேட்கும். வாசிப்பு வரும்வரை பாடம் காத்திருக்கக் கூடாது, அதுதான் விஷயம்.

கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய வைத்து அழ விடுவதைவிட, அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்கு போட விடுங்கள். தெருவில் கேரம் போர்டு இருக்கவே இருக்கிறது. கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று வைத்து பாயின்ட் எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

இங்கிலீஷ் மீடியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சிலருக்குக் கோபம் வரும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் என்று இருக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. ஓர் எழுத்து முறை கைக்கு வருவதற்குள் இன்னொன்றையும் அதே வேகத்தில் ஏற்றாதீர்கள். எது முதலில் என்று தீர்மானித்து, இன்னொன்றைக் கொஞ்ச காலம் வாய்ப்பேச்சோடு நிறுத்துங்கள்.

பள்ளியில்: எழுத்தில் கேளுங்கள்

வாசலில் டீச்சரைப் பிடித்துச் சொல்வது அந்த டீச்சர் மாறினால் போச்சு. தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். “என் மகன் பதிலை வாயால் சரியாகச் சொல்கிறான், எழுதத் தடுமாறுகிறான். கீழ்க்கண்ட உதவிகளைச் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று தொடங்கினால் போதும். என்ன கேட்கலாம்? முன் பெஞ்சு. போர்டில் இருப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி. எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்லாமல் இருப்பது. அறிவியல் விடையில் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்காமல் இருப்பது. வகுப்புத் தேர்வில் சில கேள்விகளை வாயால் கேட்பது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காதீர்கள், மிக அவசியமான மூன்றைக் கேளுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சர் அவர். சண்டைக்காரராக நினைத்துக்கொண்டு போனால் காரியம் நடக்காது.

கார்ப்பரேஷன் பள்ளி என்றால், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கும் சிறப்பாசிரியர் எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். மருத்துவ முகாம் எங்கே, எப்போது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது, இங்கிருந்து தூரம்தான், ஆனால் இதே வேலையாக இருப்பவர்கள்.

தனியார் பள்ளியில் “டி.சி. வாங்கிக்கோங்க” என்று சொன்னால் பதறாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது, அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதை முன்கூட்டியே கண்டறிந்து தகுந்த விதத்தில் கற்பிப்பது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. சட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் கடிதத்தின் கடைசி வரியில் மரியாதையாக எழுதிவிடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்குங்கள். சலுகை கிடைத்தால் மட்டும் போதாது, சொல்லி எழுத வைப்பதற்கும் பழக்கம் வேண்டும். தெரிந்த பிள்ளையே முதல் நாள் படபடவென்று கொட்டிவிட்டு, எழுதுபவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் விழிக்கும். ஒரு வரி சொல்லி, நிறுத்தி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, ‘அடுத்த பாயின்ட்’ என்று நகர வேண்டும். வீட்டில் அக்காவோ அத்தை பையனோ எழுத, வாரம் ஒரு விடையாவது இப்படிச் செய்து பார்க்கட்டும்.

சான்றிதழ், கையெழுத்து வாங்கிய கடித நகல்கள், வருஷத்துக்கு ஒரு ரஃப் நோட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வந்தபோது வடசென்னையில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஃபைலைப் பரண் மேலே வையுங்கள், ஒவ்வொரு தாளையும் போனில் படம் பிடித்து ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.