எக்கோவில் ஸ்ட்ரோக் வால்யூம்: விட்டத்தை அளக்கும்போது அவசரப்படாதீர்கள்

இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது (அதுதான் ஸ்ட்ரோக் வால்யூம்) என்று எக்கோவில், அதாவது இதய அல்ட்ராசவுண்டில், சொல்ல இரண்டு அளவு போதும். அயோர்ட்டிக் வால்வுக்கு அடியில் இருக்கும் எல்.வி.ஓ.டி.யின் (இடது வென்ட்ரிக்கிளிலிருந்து ரத்தம் வெளியேறும் பாதை) விட்டம், அங்கே ரத்த வேகத்தை அளக்கும் டாப்ளர் காட்டும் வி.டி.ஐ. (ஒரு துடிப்பில் ரத்தம் கடக்கும் தூரம்). எங்கள் லேபுக்கு வரும் ஜூனியர்கள் டாப்ளருக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது விட்டத்துக்கு.

காரணம், கணக்கில் விட்டம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. 2.0 செ.மீ. என்றால் பரப்பு 3.14 ச.செ.மீ. அதையே 1.8 என்று அளந்துவிட்டால் 2.54. வி.டி.ஐ. 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், பரப்பை அதால் பெருக்கினால் 63 மி.லி. வர வேண்டிய இடத்தில் 51 வரும். நோயாளிக்கு வால்வு சுருக்கமும் இருந்து, வால்வின் வி.டி.ஐ. 60 என்றால், அந்த மி.லி.யை 60-ஆல் வகுக்கும்போது 1.05 ச.செ.மீ. வால்வு 0.85 ஆகிவிடும். 1-க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்று படிப்பார்கள். வெறும் 2 மில்லிமீட்டர் ஒருவரை ஆபரேஷன் பேச்சு வரைக்கும் கொண்டுபோகும்.

அதனால் பாராஸ்டெர்னல் லாங் ஆக்ஸிஸில் (மார்பெலும்பின் ஓரத்திலிருந்து இதயத்தை நீளவாக்கில் காட்டும் பார்வை) நன்றாக ஜூம் செய்யுங்கள். கெயினை (படத்தின் பிரகாசம்) குறையுங்கள். வால்வு முழுதாகத் திறந்திருக்கும் ஃபிரேமில் நிறுத்தி, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்க வேண்டும். நடுவை விட்டு ஓரமாக வெட்டினால் விட்டம் குறைந்துதான் காட்டும். ப்ரோபை மெதுவாகச் சாய்த்துப் பார்த்து, அகலமாகத் தெரியும் இடத்தைப் பிடியுங்கள்.

ஐ.சி.யு.வில் தினமும் பார்க்கும் நோயாளிக்கு விட்டத்தை ஒரு முறை ஒழுங்காக அளந்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். பெரியவர்களுக்கு அது நாளுக்கு நாள் மாறாது. அப்புறம் வி.டி.ஐ.யை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

டாப்ளருக்கு ஏபிக்கல் ஃபைவ் சேம்பர், அதாவது இதய நுனியிலிருந்து பார்க்கும் பார்வை. சாம்பிள் வால்யூமை (டாப்ளர் வேகத்தை அளக்கும் சின்னப் புள்ளி) வால்விலேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இதய நுனிப் பக்கம் இழுங்கள். கோடு மெல்லியதாகி, உள்ளே கறுப்பாக வெற்றிடம் தெரிந்து, வால்வு மூடும் க்ளிக் மட்டும் விழுந்தால் அதுதான் இடம். திறக்கும் க்ளிக்கும் சேர்ந்து வந்தால் இன்னும் அதே பக்கம் நகர்த்த வேண்டும். கர்சர் ரத்த ஓட்டத்துக்கு நேராக இருக்கட்டும். 20 டிகிரி விலகினால் வி.டி.ஐ. 6 சதவீதம் குறையும். ட்ரேஸ் செய்யும்போது வெளியே படரும் மங்கலைச் சேர்க்காதீர்கள்.

துடிப்பு சீராக இருந்தால் 3 பீட்டின் சராசரி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (துடிப்பு தாறுமாறாக இருக்கும் கோளாறு) என்றால் குறைந்தது 5. எத்தனை பீட் எடுத்தீர்கள் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள்.