வெயிலுக்கு ரைடிங் ஜாக்கெட் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

வெயில் ஏறியதும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு டீ-ஷர்ட்டோடு பைக்கில் கிளம்புவதுதான் முதல் தவறு. கீழே விழுந்து சறுக்கினால் அந்தத் துணி நொடியில் கிழிந்துபோகும், பிறகு தேய்வது தோல்தான். இதில் பேச வேறொன்றும் இல்லை.

அடுத்தது பலர் யோசிக்காத ஒன்று. மெஷ் ஜாக்கெட்டில், அதாவது வலைபோன்ற துணியில் தைத்த ஜாக்கெட்டில், ஓட்டை எவ்வளவு அதிகமோ அவ்வளவு குளிர்ச்சி என்று நினைக்கிறோம். காற்று நம் தோலைவிடக் குளிர்ந்திருக்கும்வரை அது சரி. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிவிட்டால் வீசும் காற்றே உடலுக்குச் சூடேற்ற ஆரம்பித்துவிடும். அப்போது நம்மைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவது மட்டும்தான். 40 டிகிரி வறண்ட வெயிலில் முழு மெஷ் போட்டு வேகமாக ஓட்டினால் வியர்வை சுரந்த வேகத்திலேயே காய்ந்துவிடுகிறது. வியர்க்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் காற்று நுழைய ஜிப்பால் திறந்து மூடும் வழி (ஜிப் வென்ட்) உள்ள ஜாக்கெட்தான் நல்லது. உள்ளே நனைத்த உடையைப் போட்டு, காற்றைக் கொஞ்சமாக விட்டால் அந்த ஈரம் நெடுநேரம் நிற்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊர் என்றால் கதையே வேறு: வியர்வை காயாது, மெஷ்தான் கைகொடுக்கும். ஆகவே வாங்குமுன் நீங்கள் ஓட்டும் வெயில் எப்படிப்பட்டது என்று பாருங்கள்.

காற்றோட்டத்துக்காக ஒரு சைஸ் பெரிதாக எடுப்பதை நானும் செய்திருக்கிறேன். வேகம் கூடியதும் ஜாக்கெட்டின் கை முழுக்கப் படபடவென்று அடித்தது. வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தால் முழங்கை பேட் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. விழுந்திருந்தால் அந்த எலும்புக்கு மேல் ஒன்றுமே இருந்திருக்காது. போட்டுப் பார்க்கும்போது வெறுமனே நிற்காதீர்கள். வண்டியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, கைகளை ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி நீட்டுங்கள். அப்புறம் மற்றக் கையால் முழங்கை பேடைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். நகர்ந்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம்.

லேபிளைப் படிக்காமல் விடுவதும் தவறு. ஐரோப்பிய இஎன் 17092 தரத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று தேய்மானத்தைத் தாங்கும் திறன் இறங்கிக்கொண்டே வரும். மெஷ் வகைகளில் ஏ அதிகம் தென்படும், ஏஏ கிடைத்தால் விடாதீர்கள். தோளிலும் முழங்கையிலும் கெட்டித் துணியும், மார்பிலும் கையின் உட்பக்கத்திலும் மெஷ்ஷும் இருப்பது நல்ல தையலுக்கு அடையாளம். பேடுகளில், அடியைத் தாங்குவதற்கான தரமான இஎன் 1621 முத்திரை இருக்க வேண்டும். சில வகை மென்மையான பேடுகள் சூட்டில் இன்னும் இளகும், அதனால் 40 டிகிரியில் சோதித்ததைக் குறிக்கும் 'டி+' (T+) குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தில் பேட் வைக்கும் உள்பாக்கெட்டில் கையை விட்டும் பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பான்ஞ்சுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு முதுகுக்கான முறையான பேடை (பேக் ப்ரொடெக்டர்) போடுங்கள்.

மழைக்கும் இதுவே ஆகட்டும் என்று உள்ளேயே தைத்த, தண்ணீர் புகாத உள்துணியோடு (வாட்டர்ப்ரூஃப் லைனர்) வாங்க வேண்டாம். காற்றுக்கு அது சுவர் மாதிரி. மேலே போட்டுக்கொள்ளும் ரெயின்கோட் தனியாக இருக்கட்டும்.

கிளவுஸை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது கைதானே! துளையிட்ட தோல் கிளவுஸில் காற்றும் வரும், உள்ளங்கையும் பிழைக்கும். மணிக்கட்டுப் பட்டை இல்லாததை எடுக்காதீர்கள், இழுத்தால் கழன்றுவிடும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிவிட்டு முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டால், முன்னால் நுழைந்த காற்று வெளியேறும் வழி அடைபட்டுவிடும். பையை சீட்டில் கட்டிவிடுங்கள்.