ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கப்கேக்கைக் கடிக்காதீர்கள்

தண்டையார்பேட்டையில் ஒரு பேக்கரியில் பன்னீர் ரோஜா, ஃபில்டர் காபி, கொய்யா, மிளகாய் சாக்லேட் என்று நாலு கப்கேக் வாங்கி வந்து, ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்த கையோடு கடித்தால் மேலே க்ரீம் மெழுகு மாதிரி, நாலும் ஒரே சர்க்கரைச் சுவை. தப்பு பேக்கரியுடையது இல்லை, என்னுடையது.

வெண்ணெய் க்ரீம் குளிரில் இறுகிவிடும், மணமும் எழாது. அரை மணி நேரம் வெளியே, மூடியபடி வையுங்கள் (திறந்து வைத்தால் எறும்புக்குத்தான் விருந்து). நம் ஊர் மே மாதத்தில் பதினைந்து நிமிடமே போதும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும். விப்பிங் க்ரீம் என்றால் மட்டும் வெளியே வைக்காமல் உடனே சாப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம் வரிசை முக்கியம். வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் ஒவ்வொன்றையும் நாலாக வெட்டி, முதலில் ரோஜா, பிறகு கொய்யா, காபி, கடைசியில்தான் மிளகாய், ஏனென்றால் நாக்கு எரிய ஆரம்பித்த பிறகு ரோஜாவாவது ஒன்றாவது! நடுநடுவே ஒரு வாய் வெதுவெதுப்பான தண்ணீர். க்ரீம் மலை மாதிரி இருந்தால் கேக்கின் அடிப்பாதியைப் பிய்த்து மேலே கவிழ்த்து சாண்ட்விச் போலக் கடியுங்கள், மூக்கில் ஒட்டாது.