எடை தூக்கினால் முழங்கை வலிக்கிறதா? படிப்படியாகச் சரிசெய்வது எப்படி

ஜிம்மில் சேர்ந்து, எடை மளமளவென்று ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இந்த வலி பெரும்பாலும் எட்டிப் பார்க்கும். தசை சீக்கிரம் வலுவாகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது மெதுவாகத்தான் தேறும். தசை தயாராகிவிட்ட எடைக்குத் தசைநாண் இன்னும் தயாராகவில்லை என்பதுதான் பெரும்பாலான முழங்கை வலிகளின் கதை.

அதனால்தான் வெறும் ஓய்வு கைகொடுப்பதில்லை. இரண்டு வாரம் ஜிம் பக்கமே போகாமல் இருந்தால் வலி அடங்கும். திரும்பிப் போய்ப் பழைய எடையைத் தூக்கியதும் மறுபடி வந்து நிற்கும், ஏனென்றால் ஓய்வில் தசைநாண் வலுவடையவில்லை. சுமையைக் குறைக்க வேண்டும், ஆனால் நிறுத்தக் கூடாது. கீழே உள்ளதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

படி 1: டாக்டரிடம் போக வேண்டிய வலியா என்று பாருங்கள்

எடை தூக்கும்போது 'டப்' என்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்து, முழங்கையின் முன்பக்கம் நீலம் பாரித்து, பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத் தசை) மேல்நோக்கிச் சுருண்டது போலத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தசைநாண் அறுந்திருக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்வதுதான் எளிது. கீழே விழுந்த பிறகு கையை நீட்ட முடியவில்லை, மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருக்கிறது என்றாலும் தாமதிக்காதீர்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் பிரச்சினை நரம்பில் இருக்கலாம். அதற்கு இந்தப் பயிற்சிகள் பொருந்தாது.

படி 2: வலி எந்தப் பக்கம்?

வெளிப்பக்கம் என்றால்: முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். வெளிப்பக்க எலும்பு முடிச்சில் சுரீரென்றால் அது 'டென்னிஸ் எல்போ'. டென்னிஸ் மட்டையைத் தொட்டே இராதவர்களுக்கும் இது வரும். மணிக்கட்டை மேலே மடக்கும் தசைகள் அங்கேதான் பிடித்திருக்கின்றன. பிடியை இறுக்கும்போதெல்லாம் மணிக்கட்டு கீழே மடங்காமல் நிறுத்துவதும் அவைதான்.

உட்பக்கம் என்றால்: அது 'கோல்ஃபர்ஸ் எல்போ'. உள்ளங்கையை நம் பக்கம் வைத்துக் கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் சின்-அப், நேரான பாரை (எடை மாட்டும் கம்பி) முழங்கையை மடக்கித் தூக்கும் கர்ல் ஆகியவை வழக்கமான காரணங்கள்.

பின்பக்கம், முழங்கை முனைக்குச் சற்று மேலே என்றால்: டிரைசெப்ஸ் (மேல்கையின் பின்பக்கத் தசை) தசைநாண். இரண்டு கம்பிகளில் கையூன்றி உடலை இறக்கி ஏற்றும் டிப்ஸ், படுத்துக்கொண்டு நெற்றிக்கு மேல் பாரை இறக்கும் ஸ்கல் கிரஷர், குறுகிய பிடி பெஞ்ச் பிரஸ் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள்.

படி 3: குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். வலிக்கும் பயிற்சியும் வலியைக் கொண்டுவந்த பயிற்சியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல உதாரணம் ஸ்குவாட். கால் பயிற்சிதானே என்று யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் பாரை முதுகில் தாழ்வாக வைத்து, மணிக்கட்டைப் பின்னால் மடித்து, பாரின் எடையில் ஒரு பங்கைக் கையால் தாங்கினால் முழங்கையின் உட்பக்கம் நன்றாக அடிவாங்கும். மறுநாள் கர்ல் செய்யும்போது வலிக்கும். பழி கர்ல் மீது விழும். பிடியை அகலமாக்கி, மணிக்கட்டை நேராக வைத்து, எடை முழுவதும் முதுகில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும், பலருக்குப் பாதி வலி குறையும்.

கடைசி சில வாரங்களில் என்ன மாறியது என்றும் யோசியுங்கள். புதிதாகப் புல்-அப் சேர்த்தீர்களா? செட் (இடைவெளி இல்லாமல் செய்யும் ஒரு சுற்று) எண்ணிக்கையை ஒரேயடியாகக் கூட்டினீர்களா? காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 4: பயிற்சியை மாற்றுங்கள்

நேரான பாருக்குப் பதில் டம்பெல் அல்லது வளைந்த இ-இசட் பார். புல்-அப்புக்குப் பதில் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடி. ஸ்கல் கிரஷருக்குப் பதில் கேபிளில் கயிற்றுப் பிடி. முதுகுப் பயிற்சிகளில் மணிக்கட்டைப் பாரோடு பிணைக்கும் ஸ்ட்ராப் கட்டிக்கொண்டால் பிடியின் சுமை குறையும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எவ்வளவு வலி பரவாயில்லை? பத்துக்கு மூன்று வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். மறுநாள் கூடுதலாக வலித்தால் எடையைக் குறையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவது மட்டும் வேண்டாம், இந்த அளவுகோலையே அது கெடுத்துவிடும்.

படி 5: தசைநாணுக்கு வேலை கொடுங்கள்

முதல் ஒன்றிரண்டு வாரம், அசையாமல் பிடித்து நிற்கும் பயிற்சி. முன்கையை மேஜைமேல் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். வெளிப்பக்க வலிக்கு உள்ளங்கை கீழே, உட்பக்க வலிக்கு மேலே. ஒன்று அல்லது இரண்டு கிலோ டம்பெலைப் பிடித்து, மணிக்கட்டை நேராக வைத்து 30 முதல் 45 விநாடி அப்படியே நிறுத்துங்கள். ஐந்து முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி.

வலி சற்று அடங்கியதும் அதே நிலையில் மெதுவாக இறக்கும் பயிற்சி. மற்றொரு கையின் உதவியால் டம்பெலை மேலே கொண்டுபோய், வலிக்கும் கையால் மட்டும் மூன்று நான்கு விநாடி எடுத்துக் கீழே இறக்குங்கள். 15 முறை, மூன்று செட், ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமாக இருந்தால் அரைக் கிலோ கூட்டலாம். பின்பக்க வலி என்றால் ரப்பர் பேண்டையோ கேபிளையோ கீழே அழுத்தி, அதே வேகத்தில் மெதுவாக மேலே விடுங்கள்.

சலிப்பான வேலைதான். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். மூன்றாவது வாரத்தில் 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

பெல்ட், ஐஸ், ஊசி

முழங்கை பெல்ட்டை எலும்பு முடிச்சின் மேல் கட்டக் கூடாது. அதற்கு இரண்டு விரல் அகலம் கீழே, முன்கையின் தசைமேல் கட்ட வேண்டும். ஐஸ் வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் நன்றாகக் கேட்கும். ஆனால் டென்னிஸ் எல்போவில், ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்கள் ஒரு வருடம் கழித்து மோசமாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டாக்டர் சொன்னால் இதைக் கேட்டுப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

படி 6: பழைய எடைக்குத் திரும்புவது

அன்றாட வேலைகளில் வலி இல்லை, நாற்காலியையும் வலியில்லாமல் தூக்க முடிகிறது என்றால் தொடங்கலாம். பழைய எடையில் பாதியில் ஆரம்பித்து, வாரத்துக்கு சுமார் பத்து சதவீதம் கூட்டுங்கள். ஒரே வாரத்தில் எடையையும் செட்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டாம். முதலில் வலியைக் கொண்டுவந்த அந்தப் பயிற்சியைக் கடைசியாகச் சேருங்கள், அதுவும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். மணிக்கட்டுப் பயிற்சியை அதற்குப் பிறகும் வாரம் இருமுறை தொடருங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் வலி அசையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடம் போய், எடை தூக்குவதை அவர் கண்ணெதிரே செய்து காட்டுங்கள்.