நைட் ஹால்ட் பஸ் உள்ள ஊராகப் பார்த்து வீடு எடுங்கள்

வேலை டவுனில், குடித்தனம் கிராமத்தில் என்று முடிவு செய்தால், கிலோமீட்டர் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, எந்த ஊரில் டவுன் பஸ் இரவு தங்குகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

காரணம் எளிது. கடைசி டிரிப்பில் வந்த பஸ் ராத்திரி அங்கேயே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் முதல் டிரிப் அங்கிருந்தே கிளம்பும். ஆகவே உட்கார இடம் கிடைக்கும், நேரமும் அதிகம் தவறாது. தங்கல் இல்லாத ஊருக்கு வண்டி டிப்போவிலிருந்து காலியாக வந்து திரும்ப வேண்டும். ஏதாவது சிக்கல் என்றால் முதலில் வெட்டுப்படுவது அந்த டிரிப்தான்.

வீட்டு புரோக்கரிடம் கேட்காதீர்கள், "பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்" என்பார். டவுன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் கேளுங்கள். பிறகு ஒரு வேலைநாள் இரவு அந்தக் கடைசி பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்ப் பாருங்கள். நிறுத்தத்திலிருந்து வீடுவரை தெருவிளக்கு எரிகிறதா, நாய்த்தொல்லை உண்டா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் புறநகர் பஸ்ஸுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. எந்த வண்டி ஓடுகிறது என்று போர்டைப் பாருங்கள்.

கடைசி பஸ் போன பிறகு ஷிப்ட் முடிகிறவர்களுக்கும், தினமும் பைக்கில் போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவாது.