நாடுகடத்தப்பட்ட சிறுவனைத் தேடுவது எப்படி?

லண்டனில் கைக்குட்டை திருடி ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட சிறுவனைத் தேட, முதலில் லண்டன் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியின் வழக்குப் பதிவுகளுக்குப் போங்கள். 1674 முதல் 1913 வரையிலான பதிவுகள் இணையத்தில் இலவசம். பெயரை மட்டும் நம்பாதீர்கள். வயது, தீர்ப்புத் தேதி, தண்டனை ஏழாண்டா பதினான்காண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பையனின் வாக்குமூலம் பெரும்பாலும் ஒரே வரிதான், படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அப்புறம் டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தின் பெயர்ப் பட்டியலில் அவன் வந்த கப்பலைக் கண்டுபிடியுங்கள். கப்பல் சரியாகப் பொருந்தினால் கைதியின் குற்றங்களையும் தண்டனைகளையும் குறித்துவைத்த நடத்தைப் பதிவேட்டைத் திறக்கலாம். அடையாளப் பட்டியலில் உயரம், தழும்பு, கையில் பச்சை குத்திய எழுத்துகள்கூட இருக்கும்.

அவன் அங்கே இருந்த காலம் 1834 முதல் 1849 வரை என்றால் பாயிண்ட் பியூரை மறக்காதீர்கள். டாஸ்மேனியாவின் கைதிகள் குடியிருப்பான போர்ட் ஆர்தருக்கு எதிரே இருந்த சிறுவர் சிறை அது. தச்சு, செருப்புத் தைப்பது எல்லாம் அங்கே கற்பித்தார்கள். விடுதலைக்குப் பிந்தைய வாழ்வுக்குத் திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள்.