ரீடிஸ்ட்ரிபியூஷனில் ரூட்டுகளை வடிகட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ரூட்டிங் புரோட்டோகால் அறிந்த ரூட்டுகளை இன்னொன்றுக்குக் கொடுப்பதுதான் ரீடிஸ்ட்ரிபியூஷன். மெட்ரிக் (வழியின் செலவு மதிப்பு) கொடுக்க மறப்பது, ரூட்-மேப் (ரூட்டுகளை வடிகட்டும் விதிப்பட்டியல்) பெயரைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் தேடினால் அவை அன்றைக்கே பிடிபட்டுவிடும். புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதாக நான் பார்ப்பவை, உடனே வெளியே தெரியாத தவறுகள். எண்களும் நடத்தையும் சிஸ்கோ ரூட்டர்களின் மென்பொருளான ஐஓஎஸ் கணக்கில்.

கடைசியில் ஒரு வெற்று பெர்மிட்

ரூட்-மேப்பின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத டினை (மறுப்பு) ஒன்று உண்டு; எந்த விதியிலும் பொருந்தாத ரூட் அதில் நின்றுவிடும். ஏதோ ஒரு ரூட் வரவில்லை என்றதும், மேட்ச் (நிபந்தனை) எதுவுமில்லாத பெர்மிட் (அனுமதி) ஒன்றைக் கடைசியில் சேர்த்துவிடுகிறார்கள். வராதது வந்துவிடும், வரக்கூடாததும் கூடவே வரும். விடுபட்ட ப்ரிஃபிக்ஸை (நெட்வொர்க் முகவரியும் அதன் நீளமும்) தேடி அதை மட்டும் சேருங்கள்.

எல்ஈ இல்லாத ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட்

எல்ஈ (எந்த நீளம் வரை பொருந்தலாம் என்ற எல்லை) இல்லாமல் 10.0.0.0/8 என்று மட்டும் எழுதினால் அந்த /8 மட்டும்தான் பொருந்தும். உள்ளே இருக்கும் /24கள் பொருந்தாது.

இரண்டு ரூட்டர், இரு திசை, டேக் இல்லை

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு பக்கம் ஈஐஜிஆர்பி, மறுபக்கம் ஓஎஸ்பிஎஃப் என்று இரண்டு ரூட்டிங் புரோட்டோகால்கள். நடுவில், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு ரூட்டர்கள். இரண்டிலும் இரு திசையிலும் ரீடிஸ்ட்ரிபியூஷன். லேபில் பிங் போகிறது, ஒரு ரூட்டரை அணைத்தாலும் போகிறது, சரி என்று முடித்துவிடுகிறார்கள்.

லேபில் இருப்பவை பெரும்பாலும் ஈஐஜிஆர்பி-யின் உள் ரூட்டுகள். அவற்றின் டிஸ்டன்ஸ் (எந்த ரூட்டை நம்புவது என்பதற்கான எண், குறைந்ததே ஜெயிக்கும்) 90, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110, அதனால் உள் ரூட்டே ஜெயிக்கும். வெளியிலிருந்து ஈஐஜிஆர்பி-க்குள் வந்த ரூட்டுக்கோ 170.

நான் பார்த்த ஒரு நெட்வொர்க் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருவர் ஈஐஜிஆர்பி-க்குள் ஒரு ஸ்டாடிக் ரூட்டை, அதாவது கையால் எழுதிய வெளி ரூட்டை, விட்டார். முதல் ரூட்டர் அதை ஓஎஸ்பிஎஃப்-க்குக் கொடுத்தது. இரண்டாவது ரூட்டருக்கு அது இரு வழியாகவும் வர, 170ஐ விட்டு 110ஐ எடுத்துக்கொண்டது. டேபிளில் ஓஎஸ்பிஎஃப் ரூட்டாக உட்கார்ந்துவிட்டதால், அதையே திரும்ப ஈஐஜிஆர்பி-க்குள் தள்ளியது. அதுவும் கையால் கொடுத்த, அசலைவிட நல்ல மெட்ரிக்கோடு. முதல் ரூட்டரும் அதை நம்பித் திரும்பிக்கொள்ள, பாக்கெட்டுகள் டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் ஆயுள் எண்) தீரும்வரை சுற்றின. லிங்க் எதுவும் விழவில்லை, அலாரமும் அடிக்கவில்லை. ஆட்கள் இரவெல்லாம் ஃபயர்வாலைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட்டாலேயே இதை அடைத்துவிடலாம் என்பார்கள். புது நெட்வொர்க் ஒன்றை லிஸ்ட்டில் சேர்க்க மறக்கும் நாள்வரை அது சரி. டேக் போடுங்கள், அதாவது ரூட்டில் ஒரு அடையாள எண்ணை ஒட்டுங்கள். ஈஐஜிஆர்பி-யிலிருந்து ஓஎஸ்பிஎஃப்-க்குப் போவதற்கு, உதாரணமாக, டேக் 90; திரும்பும் திசையின் ரூட்-மேப்பில் முதல் வேலையே டேக் 90-க்கு டினை. மறுதிசைக்கு டேக் 110, அதே முறை. இரண்டு ரூட்டரிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். டேக் ரூட்டோடேயே பயணிப்பதால், புது நெட்வொர்க் வந்தாலும் யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை. இரண்டாவது ரூட்டர் சுற்றுவழியைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் டேக் தடுக்காது. அதற்கு டிஸ்டன்ஸைத் தனியாகப் பாருங்கள்.

ஓஎஸ்பிஎஃப்-இல் உள்வரும் டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட்

இந்த வடிகட்டிப் பட்டியல், அது எழுதப்பட்ட அந்த ஒரு ரூட்டரின் டேபிளை மட்டும்தான் வடிகட்டும். எல்எஸ்ஏ (ஓஎஸ்பிஎஃப் ரூட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் அறிவிப்பு) அடுத்த ரூட்டருக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

பிஜிபி-யின் முழு டேபிளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் விடுவது

வேண்டாம். பிஜிபி இணையத்தின் ரூட்டிங் புரோட்டோகால், அதன் முழு டேபிள் என்றால் இணையம் முழுவதன் ரூட்டுகள். வடிகட்டியை எழுதி முடித்த பிறகே ரீடிஸ்ட்ரிபியூட் வரியை அடியுங்கள்.